நைஸ் என்ற சொல்லுக்கு மூன்று உதாரணங்கள்

இளையவளை அகராதி அலுவலகத்தில் சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். வந்த கொஞ்ச நாளிலேயே அலுவலகம் மொத்தமும் இளையவள் மேஜையைச் சுற்றி நின்றுதான் டீ குடித்தது. வீட்டில் மாமியாரும் அப்படியே. "சின்னவ எவ்வளவு நைஸான பொண்ணு!" மூத்தவளுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தாலே வயிறு எரியும்.

அதே சொல் வேலையாகவும் வந்து தொலைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம்-தமிழ் அகராதிக்கு ஒரு பதிப்பாசிரியர் தேவை. மூத்தவளுக்கு வருடக்கணக்காக அந்த நாற்காலி மேல்தான் கண்.

"ரெண்டு பேரும் 'நைஸ்' எழுதுங்க. பொருள், பிறப்பு, உதாரணம். யாருது நல்லா இருக்கோ அவங்களுக்கே பதவி" என்றார் தலைமைத் தொகுப்பாளர்.

தோண்டத் தோண்ட மூத்தவளுக்குக் குஷி. லத்தீனில் அதன் மூலச் சொல்லுக்கு 'ஒன்றும் அறியாத' என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது நைஸ் என்றால் அசடு. பிறகு பிகு பண்ணுகிற ஆள். பிறகு நுணுக்கமான. கடைசியில்தான் இனிமையான.

'அடி சக்கை! அசடா?'

அந்த வேகத்திலேயே உதாரணங்களையும் எழுதித் தள்ளினாள். எழுத எழுத எரிச்சல் இறங்கியது. திருப்பிப் படிக்காமல் கொடுத்துவிட்டாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். எழுதியவர் தன் உதாரணத்தைத் தானே வாசிக்கக் கூடாது, எதிரே இருப்பவர்தான் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். வாய் இடறினால் அந்த வாக்கியம் குப்பைக்குப் போகும். இது போட்டியாயிற்றே, தலைமைத் தொகுப்பாளரே தனியாகப் படிப்பார் என்று மூத்தவள் நினைத்திருந்தாள். அவர் மூத்தவளின் தாளை எடுத்து நேராக இளையவளிடம் நீட்டினார்.

மூத்தவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

இளையவள் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். "ஒன்று. அவள் ரொம்ப நைஸ். மாமியாருக்குத் தலைவலி என்றால் தைலத்தோடு ஓடுவாள், பாத்திரம் கழுவும் நேரத்தில் மட்டும் அவளுக்குப் போன் வந்துவிடும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இளையவள் தலை நிமிரவில்லை.

"இரண்டு. நைஸாகச் சிரித்தே ஒருத்தி என் டீ நேரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். மூன்று, பழைய பொருளில். அவளை நம்பி வேலை வாங்கிக் கொடுத்த நான்தான் நைஸ்."

அறை குலுங்கியது. வாய் ஓரிடத்திலும் இடறவில்லை.

"சின்னவங்களுதையும் பார்த்தேன், ஆனா உதாரணம்னா இது! உயிரோட இருக்கு" என்றார் தலைமைத் தொகுப்பாளர். "நாற்காலி உங்களுக்குத்தாம்மா."

மூத்தவள் எழுந்து நின்றாள். காது சுட்டது. இளையவள் தாளை மேஜையில் வைத்து அவளை நேராகப் பார்த்தாள். கண் ஓரம் சிவந்திருந்தது.

"அக்கா, ஒண்ணாவதுல ஒரு திருத்தம். போன் ஒண்ணும் தானா வரல. நானே அலாரம் வெச்சுட்டு 'ஹலோ ஹலோ'ன்னு மாடிக்கு ஓடுவேன்."

"அடிப்பாவி!" என்று கத்தியது கூட்டம். கைதட்டல், விசில். எல்லோரும் திரும்ப இளையவள் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். "எந்த ரிங்டோன்மா?" என்று ஒருவர் கேட்டார்.

புதுப் பதிப்பாசிரியர் தனியாகப் பேனாவை எடுத்தாள். 'அவளுக்குப் போன் வந்துவிடும்' என்பதை அடித்துவிட்டு, 'அவள் வைத்த அலாரமே போனாக அடிக்கும்' என்று எழுதினாள். வாக்கியம் முன்னைவிட நன்றாகிவிட்டது. அதுதான் பொறுக்கவில்லை.