நூறில் ஓடாத அரக்கி

நான் சண்டை செய்து சம்பளம் வாங்குகிறவன். எங்கள் அலுவலகம் தயாரிக்கும் வீடியோ கேமில் யார் எப்படி வாளை ஓங்க வேண்டும், எந்த நொடியில் அடி விழ வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. கடைசிக் கட்டத்தில் வரும் மணிக்கூண்டு அரக்கி என் செல்லப்பிள்ளை. அவளுக்கு மூன்று வீச்சு. வாள் விழுகிற அதே கணத்தில் பட்டனைத் தட்டினால் வீச்சு சிதறி அவள் தடுமாறுவாள். ஒரு கண் சிமிட்டல் பிந்தினால் ஆள் காலி. சில கேம்களில் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை நசுக்கினாலே எதிரிகள் பொலபொலவென்று விழுவார்கள். பார்க்க ஜோராக இருக்கும், பத்தாவது நிமிடத்தில் கொட்டாவி வரும். என் அரக்கியிடம் அந்தப் பருப்பு வேகாது.

அலுவலகத்தில் அவளை ஜெயித்தவன் நான் ஒருவன்தான். நான்கு மாதமாக இதையே சொல்லி எல்லோருடைய உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரம் பார்த்து மெனு ஒரு வேலை செய்தாள். கேமின் அமைப்புப் பக்கங்களை எழுதுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். சண்டையின் வேகத்தை நூறு சதவீதத்திலிருந்து அறுபதுவரை விருப்பம்போல் குறைத்துக்கொள்ள அவள் ஒரு வசதி வைத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேகத்தைக் குறைச்சா அது சண்டையா? ஊர்வலம்!" என்று கத்தினேன்.

"உங்க அரக்கியோட அருமை தெரியணும்னா அவ முன்னாடி ரெண்டு நிமிஷமாவது நிக்க முடியணும் சார்," என்றாள் மெனு.

வெளியாள் ஒருவர் வந்து விளையாடட்டும், அதைப் பார்த்துவிட்டு அந்த வசதி வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்யலாம் என்றார் முதலாளி.

வெள்ளிக்கிழமை மெனு கூட்டிவந்த வெளியாளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் தங்கை!

அவள் எலக்ட்ரீஷியன். மெனுவின் வீட்டுக்கு விளக்கு மாட்டப் போன இடத்தில் இருவருக்கும் பழக்கமாம். இரண்டு வருடம் முன்பு ஏணியிலிருந்து விழுந்ததில் அவள் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. தொழிலை எப்படியோ இடது கைக்குப் பழக்கிக்கொண்டாள். அதற்கு முன்பெல்லாம் கேமில் என்னை ஓட ஓட விரட்டியவள், விழுந்த பிறகு கன்ட்ரோலரைத் தொடவே இல்லை. கூப்பிட்டால், "வேலை இருக்குண்ணா" என்பாள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

தங்கை மெனுவின் கணினி முன்னால் உட்கார்ந்து வேகத்தை எண்பதில் வைத்தாள். கன்ட்ரோலரை மடியில் சாய்த்து, மடங்காத விரல்களை ஒதுக்கி, கட்டைவிரலால் தட்டினாள். பதினோரு முறை செத்தாள். சாகச் சாக அவள் கண் கூர்மையாகிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாவது முறை முதல் இரண்டு வீச்சையும் தொடாமல் விலகி, மூன்றாவதை மட்டும் தட்டிவிட்டாள். அரக்கி மண்டியிட்டாள். தங்கை நிதானமாக நெருங்கிப் போய் ஆட்டத்தை முடித்தாள்.

முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது வீச்சை மட்டும் தட்டினால் அரக்கி மண்டியிடுவாள் என்பது நான் யாருக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்தது. இதுவரை ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் என் வாய் சும்மா இருந்தால்தானே.

"எண்பதுல ஜெயிச்சா கணக்குல வராது," என்றேன்.

அவள் கன்ட்ரோலரை மேசையில் வைத்தாள். "தெரியும்ணா. நீ இதத்தான் சொல்லுவேன்னுதான் ரெண்டு வருஷமா வேலை இருக்குன்னு சொல்லிட்டிருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது.

"அப்ப நீங்க நூறுல ஆடிக் காட்டுங்க," என்றார் முதலாளி.

அதே நாற்காலியில் உட்கார்ந்து வேகத்தை நூறில் வைத்தேன். முதல் வீச்சிலேயே செத்தேன். மறுபடியும் செத்தேன். ஏழாவது முறையும் செத்தபோது, "இந்த மெஷின்ல ஏதோ கோளாறு," என்றேன்.

மெனு என் மேசைக்குப் போய் என் கணினியைக் கிளறினாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"சார், கோளாறு இதுலதான். இது எழுபத்தஞ்சுல ஓடுது."

நான்கு மாதம் முன்பு வாள்வீச்சில் இருந்த ஒரு பிழையைத் தேடுவதற்காக என் கணினியில் மட்டும் வேகத்தைக் குறைக்கும் ஒரு வரியை நிரலில் எழுதியிருந்தேன். பிழையைத் திருத்திவிட்டேன், வரியை எடுக்க மறந்துவிட்டேன். சத்தத்தை அணைத்துவிட்டு வேலை செய்கிற பழக்கத்தால் காதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் கொடி கட்டிப் பறந்ததெல்லாம் எழுபத்தைந்தில்தான். அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. என் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. தலை குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சண்டை உங்களோடது. அந்த வசதி இருக்கட்டுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க," என்றார் முதலாளி.

"இருக்கட்டும் சார்," என்றேன். பிறகு தங்கையிடம் திரும்பினேன். "நான் செஞ்சு வச்ச சண்டைய முழுசாப் பார்த்தவ நீ ஒருத்திதான். மன்னிச்சிரு."

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். வேகத்தை நூறிலிருந்து எண்பதுக்கு இறக்கிவிட்டு, கன்ட்ரோலரை என் கையில் திணித்தாள்.

"இதுலயே ஆரம்பி. உனக்குக் கொஞ்சம் வேகமாத்தான் இருக்கும்."