இருபது எண்ணும் முன்

"பஸ் ஏறிட்டேன்" என்றான் அண்ணன். இன்ஜின் இரைச்சலில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. "ரெண்டரைக்கு வந்துடுவேன். என்னைப் பத்தி அப்பா ஏதாவது சொன்னாரா?"

சின்னவள் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் நின்றபடி போனை மறு காதுக்கு மாற்றினாள். "நீ வாண்ணா. வந்து பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை.

அப்பா சொன்ன வார்த்தைதான் இப்போது கூடத்தில் அவரைவிடப் பெரிதாகக் கிடந்தது.

விடியற்காலை ஐந்தரை இருக்கும். வெந்நீர் எடுக்க அவள் அடுப்படிக்குப் போயிருந்தாள். கட்டிலருகே அம்மாவும் சித்தப்பாவும் இருந்தார்கள். பத்து நாளாகத் தண்ணீர் கேட்கக்கூட மூச்சில்லாமல் கிடந்த மனுஷன், திடீரென்று வலது கையைத் தூக்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அவன் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது! மிதிச்சா எனக்கும் இந்த வீட்டுக்கும் உறவு இல்ல!" என்றார். டம்ளரோடு அவள் ஓடி வந்தபோது, விரல்கள் விரிந்த அந்தக் கை மேலேதான் இருந்தது; பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. மூச்சும் அதோடு இறங்கிவிட்டது.

"கேட்டீங்களா அண்ணி? கடைசி வார்த்தை" என்றார் சித்தப்பா.

"கேட்டேன்" என்றாள் அம்மா.

'அவன்' யார் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்பாதான் முன்னால் நின்றார். பதினாறு நாள் ஒரு மூட்டை வெளியே போகவில்லை. பதினேழாம் நாள் ஒரு லாரி போனது. ஓட்டியவன் அண்ணன். கேட்டுக்குக் குறுக்கே படுத்திருந்த சித்தப்பா கடைசி நொடியில் உருண்டு தப்பினார். அன்றைக்கே அண்ணன் பெட்டியோடு ஊரைவிட்டுப் போனான்.

"கடைசி வார்த்தைய மீறினா அந்த மனுஷன் உசுரோட இருந்ததுக்கே அர்த்தமில்ல. அவன் தெருவுல நின்னு பாத்துட்டுப் போகட்டும்" என்று சித்தப்பா காலையிலிருந்து நான்கு தடவை சொல்லிவிட்டார். அம்மா தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

சின்னவளுக்கு ஒன்று மட்டும் மீன் முள்ளாக உறுத்தியது. அந்தக் குரல். அப்பாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் ஏறாது. குறைந்து குறைந்து, கடைசியில் பேச்சே நின்றுபோகும். அண்ணன் பெட்டியைத் தூக்கிய அன்றைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சாப்பிட்டுப் போகச் சொல்லு" என்றுதான் சொன்னார். அவன் சாப்பிடவில்லை. அப்படிப்பட்டவருக்குக் கையைத் தூக்கிப் பேசுகிற வழக்கம் எங்கிருந்து வந்தது?

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. நாடகம்.

நூலகத்து மாடியில் உள்ளூர்க்காரர்கள் சனிக்கிழமைதோறும் நாடகம் போடுவார்கள். நடிக்கிறவர்கள் எல்லாம் பகலில் முடி வெட்டுகிறவர்கள், ஒயரிங் பார்க்கிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள். அப்பா ஒரு நாடகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு விடுகிற ஆள் இல்லை. எத்தனை தடவை போட்டாலும் அத்தனை தடவையும் மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் இருப்பார். "பாத்ததையே பாக்க அங்க என்ன கொட்டிக் கெடக்கு?" என்று அம்மா கேட்டால், "போன வாரம் அந்தப் பொண்ணு அழுதப்போ கண்ணைத் தொடச்சுது. இந்த வாரம் தொடைக்குதான்னு பாக்க வேணாமா?" என்பார். வீட்டில் பல் தேய்க்கும்போதும் வசனம்தான். ஒருமுறை குளியலறையிலிருந்து "உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன்!" என்று கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கம்போடு ஓடி வந்துவிட்டார்.

அவள் செருப்பை மாட்டினாள்.

"அப்பாவைப் போட்டுட்டு எங்கடி கெளம்பிட்ட?"

"பத்து நிமிஷம்மா."

இரண்டு தெரு தள்ளி சலூன். நாடகக் குழுவில் தலை நரைத்தவர் சலூன்காரர் ஒருத்தர்தான் என்பதால் எல்லா நாடகத்திலும் அப்பா வேஷம் அவருக்கு. நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு ஒருவர் சாய்ந்திருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது.

"அண்ணே, எங்கப்பா காலையில தவறிட்டார்."

கத்தி அந்தரத்தில் நின்றது. "யாரு... மூணாவது வரிசையா?" சலூன்காரர் கத்தியைத் துண்டில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "போன சனிக்கிழமை நாற்காலி காலியா இருந்துச்சும்மா. உடம்பு சரியில்லைன்னுதான் நெனச்சோம்."

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. 'அவன் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது'ன்னு..."

அவள் முடிக்கவில்லை. சலூன்காரரின் வலது கை தானாக எழுந்தது. "மிதித்தால் எனக்கும் இந்த வீட்டுக்கும்..."

"யோவ், கத்தி! கத்தி!" என்று நுரைக்காரர் நாற்காலிக்குள் சுருண்டார்.

சின்னவள் அந்தக் கையையே பார்த்தாள். அதே உயரம். விரல்கள்கூட அதே மாதிரி விரிந்திருந்தன.

"இது எங்க வசனமாச்சே" என்றார் அவர், கையை இறக்கி. "போன மழைக்காலத்துல போட்டது. இத எதுக்கும்மா இப்பக் கேக்கற?"

அவள் சொன்னாள். அண்ணன் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதையும் சொன்னாள். சலூன்காரர் கத்தியை மடக்கிக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். "அவ்வளவுதான் சொன்னாரா? பாக்கியைச் சொல்லலையா?"

"பாக்கி இருக்கா?"

"நட. நானே வந்து சொல்றேன்."

"என் பாதி மூஞ்சி?" என்றார் நுரைக்காரர்.

"அன்னிக்கு நீயும்தானே கூட்டத்துல இருந்த? தொடச்சுக்கிட்டு வா, சாட்சிக்கு ஆள் வேணும்."

ஒரு கன்னம் மழமழவென்றும் மறு கன்னம் முள்ளாகவும் ஒருவர் துக்க வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்து, நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சலூன்காரர் அப்பாவின் கால்மாட்டில் நெடுநேரம் நின்றார். கிடக்கிறவர் எழுந்து ஏதாவது சொல்வார் என்று காத்திருப்பவர் போல இருந்தது. பிறகு அம்மா பக்கம் திரும்பி, வந்த காரியத்தைச் சொன்னார்.

"சாவு வீட்டுல வந்து நாடகக் கதை பேசறியா?" சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"இருப்பா" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவரிடம் அவள் சொன்ன இரண்டாவது வார்த்தை அது. "நாடகத்துல அந்த அப்பன் அப்படிச் சொன்னான். சரி. அப்புறம் என்ன ஆச்சு?"

"சொல்லிட்டு நாற்காலியில உக்காந்துடுவார்மா. வெளிய மகன் கதவைத் தட்டுவான். நாடகம் எழுதினது கணக்கு வாத்தியார். தட்டினதும் மனசுக்குள்ள இருபது எண்ணணும், அப்புறம்தான் எந்திரிச்சுக் கதவைத் தொறக்கணும்னு எழுதி வெச்சிருந்தார். நாலாவது தடவை போடறோம். நான் எண்ணிக்கிட்டு இருக்கேன். பன்னெண்டு வந்திருக்கும். மூணாவது வரிசையிலேருந்து ஒரு சத்தம், 'என்னய்யா எண்ணிக்கிட்டு உக்காந்திருக்க? எந்திரிச்சுக் கதவைத் தொற! புள்ள எவ்வளவு நேரம் நிப்பான்?'"

"அவர் போட்ட சத்தத்துல மேல இருந்த புறாவெல்லாம் பறந்துடுச்சு" என்றார் பாதி முகக்காரர். "கூட்டமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். திரும்பிப் பாத்தா, அவர் சிரிக்கலம்மா. எழுந்து நின்னுக்கிட்டிருந்தார்."

"நான் பயந்துபோய்த் தொறந்துட்டேன்" என்றார் சலூன்காரர். "வாத்தியார் குதிகுதின்னு குதிச்சார். அடுத்த வாரம் அவரே இருபதைப் பத்தாக் கொறச்சார். உங்க வீட்டுக்காரர் அந்த நாடகத்தை ஒன்பது தடவை பாத்தார்மா. ஒன்பது தடவையும் தொறக்கற வரைக்கும் நாற்காலி நுனியிலதான்."

அம்மா அப்பாவின் முகத்தைப் புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். "என்கிட்ட, இன்னிக்கு அந்தப் பொண்ணு கண்ணைத் தொடைக்கலன்னு மட்டும்தானே வந்து சொல்வார்" என்றாள். பிறகு கேட்டாள். "அப்போ காலையில சொன்னது அவர் பேச்சா, உங்க பேச்சா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா அடுத்து என்ன வருதுன்னு அவருக்குத் தெரியும். மூச்சு பத்தல."

"அது நாடகம்" என்றார் சித்தப்பா. குரல் இறங்கியிருந்தது. "கேட்டுல படுத்திருந்தது நான்."

சலூன்காரர் தலை குனிந்தார். "ஆமாய்யா. அதுக்கு என்கிட்ட வசனம் இல்ல."

டீ கொண்டுவந்த பெண் தட்டோடு அப்படியே நின்றாள்.

ரெண்டே முக்காலுக்கு அண்ணன் வந்தான். வந்தவன் எதிர்ச்சாரி விளக்குக் கம்பத்தடியில் பையோடு நின்றுவிட்டான். மெலிந்திருந்தான். உள்ளே கிடப்பவரின் பாதம் மட்டும்தான் அங்கிருந்து தெரியும் என்று சின்னவள் கணக்குப் போட்டாள். போகலாமா, கூப்பிடலாமா என்று அவள் அம்மாவைப் பார்க்க, அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள்.

சித்தப்பா எழுந்தார்.

அவர் நேரே வாசலுக்குப் போனார். அண்ணனைப் பார்க்கவில்லை. எப்போதும் மூடியே கிடக்கும் இடப்பக்கக் கதவின் கீழே குனிந்து தாழ்ப்பாளைப் பிடித்தார்.

"நாலு மணிக்கு எப்படியும் ரெண்டு கதவும் வேணும்ல" என்றார், யாருக்கும் இல்லாமல்.

தாழ்ப்பாள் அசையவில்லை. மேலே மேலே அடித்த பச்சைப் பெயின்டில் இறுகிப்போயிருந்தது. உள்ளங்கையால் குத்தினார். காலால் உதைத்தார். இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். அதற்குள் தெருவில் பை விழுந்த சத்தம் கேட்டது. அண்ணன் வந்து, கதவின் கீழ் விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்து, மூட்டைக்குக் குனிவது போலக் குனிந்தான்.

சித்தப்பா நிமிரவில்லை. கொஞ்ச நேரம் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு, கிடங்கில் இருவராகச் சுமை எடுக்கும்போது சொல்கிற மாதிரி, "ம்" என்றார்.

கதவு ஒரு விரற்கடை எழும்பியது. தாழ்ப்பாள் கிறீச்சென்று விடுபட, செதில் செதிலாகப் பெயின்ட் உதிர்ந்தது. மூச்சு வாங்கியபடி இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணனின் வலது கால் வாசற்படிமேல் இருந்தது.

அம்மா வந்து குனிந்தாள். அந்தக் காலைச் சுற்றிக் கிடந்த பச்சைத் தூளைக் கையால் ஓரமாக ஒதுக்கினாள்.