பாதி வழியில் நின்ற பஸ்

இன்றைக்கும் லீவு போடவில்லை அந்த மனுஷன். சதையைக் கிள்ளியெடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். புற்றுநோயா இல்லையா என்று இன்று மத்தியானம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லப்போகிறார்கள். இவர் என்னடாவென்றால் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஓட்டக் கிளம்பிவிட்டார்.

"டிரிப்பு முடிஞ்சா செங்கல்பட்லதான எறங்கறேன்? அப்டியே போய் கேட்டுக்கலாம்" என்றார் வாசுதேவன்.

அப்படியே போய்க் கேட்பதற்கு இதென்ன கத்தரிக்காய் விலையா? அவர் பெண்டாட்டி செங்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் அவர் பஸ்ஸிலேயே ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

கிளம்புமுன் ஒரு வாய் தண்ணீர்கூட அவர் குடிக்கவில்லை. அது அவர் வழக்கம். குடித்தால் வழியில் நிறுத்த வேண்டிவருமே! பாதி வழியில் வண்டியை நிறுத்தாத டிரைவர் என்று அவருக்கு அப்படியொரு பெருமை. அடக்கி அடக்கித்தான் இது வந்தது என்று செங்கம்மாள் அடித்துச் சொன்னாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். அவளுக்கு மனசு ஆறவில்லை. யாரையாவது திட்டியாக வேண்டும்போல இருந்தது.

வீட்டிலோ பேச்சே கிடையாது. "நோவு வந்த எடம் அப்டி. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்று ஒரே பிடி. டிப்போவில் கல்லடைப்பு என்று சொல்லிவைத்திருந்தார். கூடப் பிறந்த தங்கச்சியிடமும் செங்கம்மாள் அதையே ஒப்பித்தாள். குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அந்த நோயின் பெயரை இருவரும் வாயால் சொல்லவே இல்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பஸ் ஓரங்கட்டி நின்றது. வாசுதேவன் யாரையும் பார்க்காமல் இறங்கி, வேலிகாத்தான் புதர்ப் பக்கம் போனார். போனவர் வரவில்லை. வெயில் பஸ்ஸுக்குள் கொதித்தது.

"இன்னாபா கண்டக்டர், கோர்ட்டுக்கு லேட்டாவுது. எங்க பூட்டாரு டிரைவரு?" என்று செல்போனும் கையுமாக இருந்த ஒருவன் குரல் கொடுத்தான். "ராத்திரி அடிச்சது இன்னும் எறங்கலியா?"

பஸ் சிரித்தது. "அவருக்கு அந்தப் பழக்கமே கெடையாது சார்" என்று கண்டக்டர் திருவேங்கடம் சொன்னதை யார் கேட்டார்கள்?

செங்கம்மாள் எழுந்து நின்றாள்.

"தோ பாரு, நாக்க அடக்கிப் பேசு. அவருக்கு ஒண்ணுக்கு வர மாட்டேங்குது, வந்தா நிக்க மாட்டேங்குது. பிராஸ்டேட்டாம். கேன்சரா இன்னான்னு இன்னிக்குதான் சொல்றாங்க. அந்த பயத்த வச்சிகினுதான் உன்ன இட்டுகினு போறாரு. போதுமா?"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. திரும்பினால், டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்தபடி வாசுதேவன் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். ஐயோ, போச்சு! இனி சாகிற வரைக்கும் என்னோடு பேசமாட்டார் என்று நினைத்தாள். 'சாகிற' என்று நினைத்ததற்கே தன் வாயில் அடித்துக்கொண்டாள்.

"தப்பா பேசிட்டேன் அண்ணாத்த" என்றான் செல்போன்காரன்.

வாசுதேவன் ஏறி உட்கார்ந்தார், ஸ்டியரிங்கைப் பிடித்தார், வண்டியை எடுக்கவில்லை.

"சொல்லிட்டியா?" என்றார் திரும்பாமலே.

"சொல்லிட்டேன். இன்னா இப்போ? எத்தினி நாள் முழுங்கிகினு இருக்கறது?"

"என்னால சொல்ல முடியல செங்கம்மா. வாயில வர மாட்டேங்குது." அவர் குரல் பஸ் முழுவதும் கேட்டது. "வூட்ல சும்மா ஒக்காந்தா கை நடுங்குது. ஸ்டியரிங்க புடிச்சா நிக்குது. அதான் லீவு போடல. பயமா கீதுடி."

இத்தனை நாளும் கல் மாதிரி இருக்கிறாரே என்றல்லவா கரித்துக்கொட்டினாள்! டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பிக்கு நடுவே கையை விட்டு அவர் தோளில் வைத்தாள். ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

"டாக்டராண்ட நான் கேக்கறேன். நீ பக்கத்துல நில்லு, போதும். வண்டிய எடுய்யா."

திருவேங்கடம் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது.

ஸ்டியரிங்கில் கை நிலையாகத்தான் இருந்தது. தோள்தான் செங்கல்பட்டு வரைக்கும் நடுங்கிக்கொண்டே வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.