பூட்டாத கதவு

முதலாளியின் வக்கீல் அலுவலக மாடி வராந்தாவில் காத்திருக்கச் சொன்னார்கள். இராயப்பன் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். கீழே பீச் ஸ்திரீட்டில் மாட்டுவண்டிகள் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. வலது உள்ளங்கைக் கட்டு ஈரமாக இருந்தது.

அவன் சாதிக்காய்க் கிடங்கின் ஜாகா. வாசல் காவல் அவனுடையது. காய் பொறுக்கும் பெண்கள் உள்ளே போனதும் கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். மடியில் ஒரு காய்கூட வெளியே போகக்கூடாது. சாவி கணக்கெழுதும் கிராணி குமரப்பனின் இடுப்பில் இருக்கும்.

போன வியாழக்கிழமை மூட்டைகள் சரிந்து காய் பொறுக்கும் ஜூலியானாவின் காலில் விழுந்தன. உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்கள். கிராணி ஊரில் எங்கோ இருந்தார். இராயப்பன் அரைமணி நேரம் அவரைத் தேடி ஓடினான். பிறகு வாசலில் கிடந்த எடைக்கல்லைத் தூக்கிப் பூட்டை உடைத்தான்; உள்ளங்கை கிழிந்தது. ஆஸ்பத்திரியில் அவள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் வந்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.

இன்று காலையில் அவள் புருஷன் பால்ராஜ் வக்கீல் அலுவலகப் படியில் நின்றான்.

"அண்ணே, கதவு பூட்டியிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை. அது போதும்லா. கோர்ட்டுல அதைத்தான் கேப்பாங்களாம்."

"நான் உடைச்ச பூட்டுடா. சொல்லாம இருப்பேனா?"

குமரப்பன் வக்கீல் அறையிலிருந்து காகிதத்தோடு வராந்தாவுக்கு வந்தார்.

"கதவு பூட்டலைன்னு எழுதியிருக்கு. கைநாட்டு வை."

"பூட்டியிருந்துச்சே, ஐயா. நான்தானே உடைச்சேன்."

"மொதலாளி கிடங்கோட பூட்டை உடைச்சு உள்ள போறவனுக்கு என்னய்யா பேரு? போலீசைக் கேக்கலாமா? பூட்டே இல்லன்னா நீ உடைக்கவும் இல்ல."

இராயப்பன் கையை நீட்டினான். "அப்ப இது?"

"மூட்டை தூக்குனப்ப கிழிஞ்சது. அதையும் எழுதியாச்சு."

இராயப்பன் தெருவைப் பார்த்தான். பால்ராஜ் இன்னும் கீழேதான் நின்றான். குமரப்பன் இராயப்பனின் இடது பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.

மறுநாள் கிடங்குக் கதவின் உட்புறம் புதுப்பலகை தொங்கியது. வக்கீல் எழுதிக்கொடுத்தது: 'வேலை நேரத்தில் இக்கதவு பூட்டப்படாது.' பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். ஜூலியானாவின் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள்.

"பூட்டு," என்றார் குமரப்பன்.

புதுப்பூட்டு, பழையதைவிடப் பெரியது. இராயப்பன் பூட்டினான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிராணி துறைமுகம் பக்கம் நடந்தார்.

இராயப்பன் வாசலில் இங்குமங்கும் நடந்தான். ஓரமாகக் குனிந்து பார்த்தான். எடைக்கல்லை எடுத்துவிட்டிருந்தார்கள். அது கிடந்த இடத்தில் தரை வட்டமாக வெளுத்திருந்தது.