ஊசித் தலகாணி

சித்ராதேவி மணிக்கட்டை மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். எலாஸ்டிக் வைத்துக் கையில் கட்டியிருந்த சிவப்புத் தலகாணியில் ஐந்து ஊசிகள் இருக்க வேண்டும். நான்குதான் இருந்தன. மடியை உதறினாள். துப்பட்டாவை விரித்துப் பார்த்தாள். உட்கார்ந்திருந்த பாயை உள்ளங்கையால் தடவினாள். எதிரே குழந்தைகளின் கவுன்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் கையால் தைத்த ரோஸ் நிற ரிப்பன் பூ. காலையிலிருந்து அவளும் மற்றப் பெண்களும் தைத்தவை.

ஊசி குத்தி வைக்கும் சின்ன மெத்தையை மண்ணரையில் இருந்த அந்தத் தையல் யூனிட்டில் எல்லோரும் தலகாணி என்றுதான் சொல்வார்கள். ஊசியை உடுப்பில் குத்தக் கூடாது, வாயில் கடிக்கக் கூடாது, கீழே வைக்கக் கூடாது. நூல் மாற்றுவதற்குள் கூட அது தலகாணிக்குப் போய்விட வேண்டும். இது சூப்பர்வைசர் பிரிசில்லாவின் சட்டம். காலையில் எண்ணிக் கொடுப்பாள், மாலையில் எண்ணி வாங்குவாள். தலகாணியை மட்டும் அவரவரே செய்துகொள்ள வேண்டும்.

சேர்ந்த அன்றைக்கே பிசிர் வெட்டும் சுப்பாத்தாள் தன்னுடையதைக் காட்டினாள். அடியில் ஒரு டப்பா மூடி, மேலே கெட்டித் துணி, உள்ளே கல் மாதிரி இறுக்கம்.

"சீப்புல வர்ற முடியச் சேத்து அடைச்சது கண்ணு. எண்ணெய் ஊறுன முடி. ஊசி துருப்புடிக்காது, நழுவவும் நழுவாது. என்றகிட்ட இன்னுங் கொஞ்சம் இருக்குது, தரட்டுமா?"

சித்ராதேவிக்கு உடம்பு கூசியது. அவளுடைய மாமியார் ஒச்சாயி உசிலம்பட்டிக்காரி. தலை சீவினால் ஒரு முடியைக்கூட வெளியே விடமாட்டாள். சுருட்டி எச்சில் துப்பி, யார் கண்ணிலும் படாமல் போடுவாள். அடுத்தவள் முடி நம் கைக்கு வந்தால் அவள் பீடையும் கூடவே வரும் என்பாள். சித்ராதேவிக்கோ வீட்டில் கைக்குழந்தை.

"வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த பனியன் வேஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி அடைத்துத் தைத்தாள். பஞ்சு போல அழகாக வந்தது.

"ஊசி படுத்துத் தூங்கிப்போடுமாட்ட இருக்குதே!" என்று சுப்பாத்தாள் சிரித்தாள். அவளுக்கு வருத்தம் இருந்திருக்கலாம். காட்டிக்கொள்ளவில்லை.

அந்த மென்மைதான் வினையாயிற்று. குத்தினால் ஊசி காதுவரை உள்ளே இறங்கிவிடும். கையை வீசினால் நழுவி விழும். இதுவரை எப்படியோ தேடி எடுத்திருக்கிறாள். இன்றைக்குக் கிடைக்கவில்லை.

மதியத்துக்கு மேல் சரக்கை எடுக்கக் கம்பெனி வண்டி வரும். ஊசி கண்டுபிடிக்கிற மெஷின் கம்பெனியில்தான் இருக்கிறது. அது ரிப்பேர் என்று டிரைவர் நேற்றே சொல்லியிருந்தான். சரக்கு நேராகப் பெட்டிக்குள் போய்விடும். கடைக்குப் போய் இதே மாதிரி ஓர் ஊசி வாங்கிக் குத்திவிட்டால் மாலையில் கணக்கு சரியாகிவிடும். யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். போன மாதம் ஊசியைத் தொலைத்த பெண்ணை அன்றைக்கே அனுப்பிவிட்டார் ஓனர்.

குவியலிலிருந்து ஒரு கவுனை எடுத்தாள். மகள் தேஜஸ்ரீக்கு அளவெடுத்தது போல் இருந்தது. குழந்தைக்குக் கழுத்து மடிப்பில் வேர்க்குரு. கவுன் மாட்டும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு சிரிக்கும். ரிப்பன் பூ சரியாக அந்த மடிப்பின் மேல்தான் வரும்.

கவுனைக் குவியலில் வைத்துவிட்டு எழுந்து பிரிசில்லாவிடம் போனாள்.

"அக்கா, ஒரு ஊசியக் காணோம்க்கா."

கத்திரிகள் நின்றன. பிரிசில்லா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு குவியலைப் பார்த்தாள். திட்டவில்லை. அடுக்கிக் கட்டியிருந்த கட்டுகளையும் பிரிக்கச் சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினாள்.

"வண்டி வந்து நின்னா நிக்கட்டுமுங்க. பச்சப் புள்ளைக்குப் போற துணி. மொதல்ல அந்தத் தலகாணியப் பிரி கண்ணு."

சித்ராதேவி தையலை வெட்டினாள். பனியன் துண்டுகளைச் சுப்பாத்தாள் தாளில் பிரித்துப் பரப்பினாள். வெள்ளை, நீலம், மஞ்சள். நடுவில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. உடைந்த ஊசி நுனி. முழுக்கத் துருவேறி இருந்தது.

"இது என்னோடது இல்லக்கா. என்னோடது முழு ஊசி, புதுசு" என்றாள்.

வேஸ்ட் மூட்டையிலிருந்து வந்த நுனி அது. அப்படியானால் எப்போதோ யாரோ ஒருத்தி, இதே போல் பயந்து, சொல்லாமல் அதை மூட்டைக்குள் தள்ளியிருக்கிறாள். மிச்சப் பாதி எந்தத் துணியோடு போனதோ. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். பிரிசில்லா நுனியை டேப்பில் ஒட்டி மடித்து வைத்தாள். யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

"ஓனர்ட்ட நாஞ் சொல்லிக்கறேன். ஆளுக்கொரு பங்கு எடுங்க. கண்ணுல பாத்தாத் தெரியாது, கையில அமுக்கித்தான் பாக்கோணும்."

சித்ராதேவியிடம் மீதி நான்கு ஊசிகள் விரலிடுக்கில் இருந்தன. அவற்றைக் குத்தி வைக்க இடமில்லை. சுப்பாத்தாள் தன் தலகாணியைக் கழற்றி நீட்டினாள்.

"பயமா இருந்தா வேண்டாஞ் சாமி."

சித்ராதேவி கையை நீட்டினாள். சுப்பாத்தாள் அதை அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். தேங்காயெண்ணெய் வாசம் லேசாக வந்தது. நான்கு ஊசிகளும் கிறீச்சென்று உள்ளே இறங்கி அசையாமல் நின்றன.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். பிரிசில்லாவின் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. பார்த்து முடித்த கவுன்கள் ஒரு பக்கம் உயர்ந்தன, மறுபக்கம் குவியல் தாழ்ந்தது. ஊசி கிடைக்கவில்லை. வெளியே வண்டி வந்து ஹாரன் அடித்தது. ஒருவரும் எழவில்லை.

சித்ராதேவி அடுத்த கவுனை மடியில் போட்டுக் கழுத்திலிருந்து அடிவரை உள்ளங்கையால் அழுத்தித் தடவினாள். திருப்பிப் போட்டு மெல்லத் தட்டினாள். கருப்பசாமி, என் கையில குத்தட்டும், என் கையிலயே குத்தட்டும் என்று மனசு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. சுற்றிலும் அத்தனை பெண்களும் மடியில் ஆளுக்கொரு சின்னக் கவுனை வைத்துத் தடவித் தட்டிக்கொண்டிருந்தார்கள், தூங்க மறுக்கும் குழந்தையைத் தட்டுவது போல.