நாலு சுவரும் ஒரு தகரக் கூரையும்

அந்த வரைபடத்தைப் பார்த்ததுமே தாரிணி பேனாவைக் கீழே வைத்தாள். செகந்திராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில் ஒரு மருத்துவமனை. மொட்டை மாடியில் ஆறு ஹீட் பம்புகள் வரப்போகின்றன; காற்றிலிருக்கும் வெப்பத்தை உறிஞ்சி வார்டுகளுக்கு வெந்நீர் தரும் இயந்திரங்கள். அவற்றின் இரைச்சல் பக்கத்து வீடுகளுக்குக் கேட்காமலிருக்கச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் சுவர், மேலே தகரக் கூரை. சில்லென்று வெளியே வரும் காற்றுக்குப் போக்கிடமே இல்லை. அதையே திரும்பத் திரும்ப உள்ளே இழுத்து, குளிர்காலக் காலைகளில் இயந்திரம் உறைந்து போய்விடும்.

பொருத்துவதற்கு முன் இப்படிப்பட்ட வரைபடங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் அவள் வேலை. 'கூடாது' என்று எழுத இரண்டு நிமிஷம் போதும். ஆனால் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'ஹப்சிகுடா விடுதியில் ஏற்கப்பட்டது போலவே.' அந்தப் பெண்கள் விடுதிக்குச் சரி போட்டவளும் அவள்தான். போன வருஷம், ஒரே மத்தியானத்தில் ஐந்து வரைபடம் பார்த்த நாளில், கூரை இருந்த பக்கத்தை அவள் புரட்டவே இல்லை.

நிறுவனத்தின் தலைவர் பத்ரிநாராயணன் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் அறைக்குப் போனாள்.

"சார், மல்காஜ்கிரியில கூரைய எடுக்கச் சொல்லோணுங்க. காத்து வெளிய போக வழியே இல்லீங்க."

"ஹப்சிகுடாவுல ஓடுதே?"

"அதையும் போய்ப் பாக்கோணுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நக்கோ தாரிணி, வேணாம், அதைத் தோண்டாதே. மல்காஜ்கிரியில சுவர் எழுப்பியாச்சு, திங்கட்கிழமை மெஷின் வருது. இதுக்கு நீ நோ சொன்னா, அதுக்கு எப்படி ஓகே சொன்னேன்னு உன்னைத்தான் முதல்ல கேப்பாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்தும் அவர் சொன்னது அவளை விடவில்லை. கையெழுத்துப் போட்டால் நோயாளிகளுக்குப் பச்சைத்தண்ணீர். போடாவிட்டால் பழைய கையெழுத்து வெளியே வரும். ஒருவேளை விடுதியில் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால்? அந்த நப்பாசையில்தான் மறுநாள் காலை ஆறரைக்கு, யாரிடமும் சொல்லாமல், வெப்பமானியோடு ஹப்சிகுடா போனாள்.

காவலாளி மாடிப்பூட்டைத் திறந்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். ஜனவரிக் குளிர், வெளியே பதினைந்து டிகிரி. சுவரிலிருந்த இரும்புக் கதவு வழியே உள்ளே நுழைந்து வெப்பமானியை ஓர் ஆணியில் மாட்டினாள். கீழே பெண்கள் குளிக்கத் தொடங்கியிருக்க வேண்டும், நான்கு இயந்திரங்களும் ஒருசேர உறுமிக் கிளம்பின. எழுந்த காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

உள்பக்கம் கைப்பிடியே இல்லை. தட்டினாள், கத்தினாள். இரைச்சலில் அவள் குரல் சுவரைத் தாண்டியிருக்காது. கணவன் பிரசன்னாவுக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. விடுதியின் எண் அவளிடம் இல்லை. அதை வைத்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். விரல் அந்தப் பெயரில் சிறிது நேரம் நின்றது. பிறகு அழுத்தினாள்.

"ஹப்சிகுடாவா? யாரைக் கேட்டுப் போனே?" என்றார் பத்ரி.

"சார், உள்ள மாட்டிக்கிட்டனுங்க. கீழ யாருக்காச்சும் போன் பண்ணிச் சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா அங்கே எதையும் எழுதிக் கொடுத்துடாதே. புரியுதா?"

பன்னிரண்டு. பத்து. வெப்பமானி இறங்கிக்கொண்டே போனது. துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள். ஏழு. இயந்திரத்தின் மெல்லிய தகடுகளில் வெள்ளையாக உறைபனி படிந்தது. அவள் வரைபடத்தில் பார்க்கத் தவறியது அத்தனையும் இப்போது அவள் எலும்புக்குள் இறங்கியது. யாரும் வரவில்லை. கதவை உதைத்து உதைத்துக் கால் மரத்துப்போனது.

நாற்பது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. வார்டன் ஸ்டெல்லா, தூத்துக்குடிக்காரி, வெந்நீர் வரவில்லை என்று பார்க்க வந்தவள். தாரிணியின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் படித்துவிட்டாள்.

"அந்தக் கம்பெனியா நீங்க? கிறிஸ்மஸுக்கு முந்தியிருந்தே போன் போடுதேன். மெஷின் நல்லாத்தான் இருக்குங்காவ. பிள்ளைய எல்லாம் பச்சத்தண்ணில குளிச்சிட்டுக் காலேஜ் போகுதுவ. இத யாரு சரின்னு சொன்னா?"

யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தாரிணியின் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன.

"நான்தானுங்க."

ஸ்டெல்லா அவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டவில்லை. "அப்போ நீங்களே எழுதித் தாங்க," என்றாள்.

விடுதியின் புகார் நோட்டில் நேரத்தோடு ஒவ்வோர் அளவையும் எழுதி, கூரையை எடுக்க வேண்டும் என்றும் தவறு தன்னுடையது என்றும் குறித்துக் கையெழுத்திட்டாள். விரல் விறைத்திருந்ததால் எழுத்து கோணிப்போனது. ஆபீசில் இருந்து போன் ஏதும் வந்ததா என்று கேட்டாள். வரவில்லை என்றாள் ஸ்டெல்லா.

அன்றைக்கே மல்காஜ்கிரி வரைபடத்தில் 'பொருத்தக் கூடாது' என்று எழுதி, பத்ரியைக் கேட்காமலே மருத்துவமனைக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். அவர்கள் கூரை போடுவதைக் கைவிட்டு, ஒரு பக்கச் சுவரை இடித்து, காற்று வெளியேற இடைவெளி விட்ட சாய்தகடுகளை வைத்தார்கள். விடுதிக் கூரையையும் பிப்ரவரியில் பிரித்து இறக்கினார்கள்.

பத்ரி அவளை அனுப்பிவிடவில்லை. கையெழுத்திடும் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய கோப்புகளை அடுக்கும் அறையில் உட்கார வைத்தார். வேறு வேலைக்கு இரண்டு இடங்களில் நேர்காணலுக்குப் போய்வந்தாள். இரண்டு இடத்திலிருந்தும் அவளைப் பற்றி விசாரித்துப் பத்ரிக்குப் போன் வந்தது; அவளுக்கு வரவில்லை.

"அந்த நோட்டுல எழுதாமலாவது இருந்திருக்கலாம்ல?" என்று பிரசன்னா ஒருநாள் கேட்டான்.

"தெரியல," என்றாள். மறுநாளும் ஒன்பதரைக்கு அந்த ஜன்னலில்லாத அறைக்குப் போய் உட்கார்ந்தாள்.