ஐந்தாம் மாடி, இடப்பக்கம்

கன்னத்தை நீட்டிக்கொண்டு வந்த யானிக்கிடம் ஓரியான் கையை நீட்டினாள். பாரிஸில் இந்த இசைக் கூட்டத்தில் நேற்று அறிமுகமானவனுக்கும் இரண்டு கன்னத்திலும் முத்தம் உண்டு. கை கொடுப்பதெல்லாம் வக்கீலுக்கும் வங்கிக்காரனுக்கும்தான். யானிக் பாதி குனிந்தபடி அசடு வழிந்து, அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“சௌக்கியமா இருக்கீங்களா, மிஸ்யே லெஃபோர்?”

“என்ன இது, நீங்க வாங்கன்னு? ஒரே வீட்ல குப்பை கொட்டினவங்க நாம.”

“அந்தக் கண்றாவியை ஏன் இப்ப ஞாபகப்படுத்தறீங்க?”

மூன்றாவது ஆளான கொராந்தேனுக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. தொண்ணூறுகளில் கிளப்புகளை ஆட்டிவைத்த ‘பிரெஞ்சு ஹவுஸ்’ நடனப் பாட்டுகளைத் தேடிப் பிடித்து ஒரே தொகுப்பாக வெளியிடுகிறவன் அவன். தொகுப்பின் கடைசிப் பாட்டு இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ‘ஞாயிறு மத்தியானம்’. இருவரும் கேட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அதைச் சேர்க்க முடியும். அதனால் பாரிஸை ஒட்டிய பந்தேனில், பழைய மோட்டார் பட்டறைக்கு மேலிருந்த தன் அலுவலகத்துக்கு இரண்டு பேரையும் ஒன்றாக வரவழைத்திருந்தான். தனித்தனியாக வரச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றி என்ன செய்வது?

ஓரியான் பாட்டுக் கேட்க வரவில்லை. தொகுப்பு உறையின் மாதிரியை அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ‘ஞாயிறு மத்தியானம்: யானிக் லெஃபோர்’ என்று கொட்டை எழுத்திலும், அதற்குக் கீழே எறும்பு சைஸில் ‘உதவி: ஓ. வஸ்ஸேர்’ என்றும் இருந்தது. உதவி! அந்தப் பாட்டு பிறந்ததே அவள் வீட்டில். ஐந்தாம் மாடி, இடப்பக்கக் கதவு. அதையே இரண்டு பேருக்கும் பொதுப் பெயராக வைத்துக்கொண்டார்கள். முகத்தைக் காட்டாமல், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதுதான் அன்றைக்குப் பெருமை. பிரிந்த மறுமாதமே யானிக் முகத்தைக் காட்டிக்கொண்டு பேட்டி கொடுக்கக் கிளம்பிவிட்டான். அந்த அசட்டுப் பெருமையைக் கட்டிக்கொண்டு நின்றவள் அவள்தான். பின்னாட்களில் எந்த விருந்திலாவது, அதில் பாதி நான் என்று சொன்னால், எல்லோரும் கனிவாகச் சிரித்து, “ஓ, நீங்கதான் பாடினதா?” என்று கேட்பார்கள். அந்தப் பாட்டில் யாருமே பாடவில்லை.

“என் பேர் பெரிசா வரணும். அதுவும் முதல்ல வரணும்” என்றாள். “இல்லேன்னா கையெழுத்து கிடையாது.”

“ஒரு குமிழைத் திருகினதுக்கா?” என்றான் யானிக். “சந்தையில பழைய டிஸ்கோ இசைத்தட்டைப் பொறுக்கி, அதுலேர்ந்து அந்த இசைத் துண்டை வெட்டி எடுத்தது யாரு? டிரம் போட்டது யாரு? நீ என்ன பண்ணே? ரேடியோ திருகற மாதிரி திருகினே.”

“அப்ப அந்தத் திருகலை எடுத்துட்டு வெளியிடுங்களேன். உங்க துண்டை மட்டும் ஏழு நிமிஷம் கேட்டுட்டு ஜனங்க அழட்டும்.”

கொராந்தேன் நடுவில் புகுந்தான். இந்தப் பாட்டு இல்லாவிட்டால் தொகுப்புக்கே முடிவு இல்லாமல் போகும் என்று யானிக்கின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டான். யானிக் மூக்கை உறிஞ்சினான், ஜன்னல் வழியே கால்வாயைப் பார்த்தான், பிறகு பிச்சை போடுகிறவனைப் போலக் கையை ஆட்டினான். “போட்டுத் தொலை. அவ பேரையே முதல்ல போடு. பாவம், வேற என்ன இருக்கு அவளுக்கு!”

கொராந்தேன் கணினியில் இரண்டு பெயரையும் ஒரே அளவில் அடித்து, திரையை அவள் பக்கம் திருப்பினான். ஓரியான் வஸ்ஸேர், யானிக் லெஃபோர். அந்த அற்பன் முன்னால் கண் கலங்கிவிடக் கூடாதே என்று, மேஜைமேல் இருந்த ஆலிவை எடுத்து மென்றாள்.

மாதிரித் தட்டு சுழல ஆரம்பித்தது. மற்றவர்களின் பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த விஷயத்தில் மட்டும் இருவருக்கும் சண்டையே வரவில்லை. “இவன் இன்னும் உயிரோட இருக்கானா?” என்றான் யானிக். “இருக்கார். பாட்டுதான் போயிடுச்சு” என்றாள் ஓரியான். கொராந்தேன் நிம்மதியாக மூச்சுவிட்டு ஒயினை ஊற்றினான்.

கடைசியாக ‘ஞாயிறு மத்தியானம்’ வந்தது. அடைத்த கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பதுபோல அந்தத் துண்டு மங்கலாகச் சுற்றிச் சுற்றி வந்தது. டிரம் ஒவ்வொரு முறை விழும்போதும் மற்றதெல்லாம் அமுங்கி எழுந்தது. குமிழைத் திருகத் திருக ஓசை தெளிந்து, ஒரு கட்டத்தில் முழுசாகத் திறக்க வேண்டும். திறந்தது. எங்கே திறக்கும் என்று எவனும் எதிர்பார்ப்பானோ, மிகச் சரியாக அங்கே திறந்தது.

ஓரியான் மெல்வதை நிறுத்தினாள்.

இது அவள் கை இல்லை. பாட்டைப் பதிந்த அன்றைக்கு அவர்களுக்குள் காலையிலிருந்தே சண்டை. ஒலிநாடா ஓடிக்கொண்டிருக்க, குமிழ் அவள் கையில். யானிக் காதருகே வந்து, “திற! இப்பத் திற!” என்று கத்தினான். அவன் சொன்ன ஒரே காரணத்துக்காக அவள் திறக்கவில்லை. வேண்டுமென்றே பிடித்துவைத்தாள். டிரம் நின்ற பிறகும் பிடித்துவைத்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு, போச்சு என்று உட்கார்ந்தபின்தான் திறந்தாள். அந்த வீம்பில்தான் பாட்டே இருந்தது. கிளப்புகளில் அந்த இடத்தில் ஜனங்கள் கையைத் தூக்கியபடி காத்து நிற்பார்கள், தாங்க முடியாமல் கத்துவார்கள், அப்புறம்தான் அது திறக்கும்.

“இது எது?” என்றாள்.

யானிக் கோப்பையைப் பார்த்தான். “நாடா பூஞ்சை பிடிச்சுப் போச்சு. கம்ப்யூட்டர்ல திரும்பச் செஞ்சேன். அதே துண்டு, அதே டிரம். கொஞ்சம் சுத்தம் பண்ணேன், அவ்வளவுதான்.”

“சுத்தமா? டேய், கழுவி ஊத்திட்டியேடா!”

நீங்க வாங்க எல்லாம் பறந்துவிட்டது. கொராந்தேனின் முகம் வெளுத்தது. “நீங்க அனுப்பினது பழைய நாடா இல்லையா? ஏதோ குறையுதேன்னு தோணுச்சு. என் ஸ்பீக்கர்தான் சரியில்லைன்னு நெனச்சேன்.” அவன் ஓரியான் பக்கம் திரும்பினான். “உங்ககிட்ட அப்ப வந்த தட்டு இருக்குமே? அதுலேர்ந்து எடுத்துக்கலாம்.”

“இருக்கு. இப்பவே கொண்டுவரேன்.”

“நான் சம்மதிக்க மாட்டேன்” என்றான் யானிக். “அந்த இடத்துல அவ தாளத்தைத் தப்பவிட்டா. அன்னிக்கு நாடா வாங்கக் காசில்லாம அப்படியே விட்டோம். அந்தத் தப்பை இன்னொரு தடவை வெளியிட மாட்டேன். என் கையெழுத்தும் வேணுமில்ல?”

ஓரியான் அவனை உற்றுப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை. இந்தப் பிரகிருதி இத்தனை வருஷமும் அதைத் தப்பென்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறது! ஊரே கத்திக் கூத்தாடியதைப் பார்த்த பிறகும். அன்று திற என்று கத்திய இடத்தில், கடைசியில் தானே திறந்து ஜெயித்துவிட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

“கொராந்தேன், என் பேரை அழிங்க.”

“என்னது?”

“முழுசா அழிங்க. உதவின்னுகூட இருக்கக் கூடாது. இதையே வெளியிடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

கொராந்தேன் தயங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அழித்தான். ‘யானிக் லெஃபோர்’ மட்டும் திரையில் நின்றது. வந்தபோது யானிக் மனசுக்குள் ஆசைப்பட்டது இதைத்தான். ஆனால் அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. எழுந்து வந்து திரையைப் பார்த்தான். “எதுக்கு இப்ப அழிக்கறே? அதான் முதல்லயே போடச் சொல்லிட்டேனே. பேர் இருந்துட்டுப் போகட்டும், ஓரியான்.”

“ஏன்? பயமா இருக்கா?”

“பாட்டு ரெண்டு பேருது.”

“இதுவா? இது உன்னோடது. ஒவ்வொரு நொடியும் உன்னோடது.” அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். “அதுல பாதி நான்னு ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தேன், யானிக். ஒருத்தர் நம்பலை. இனிமே நான் வாயைத் திறக்க வேண்டாம். நான் இல்லாத பாட்டு எப்படி இருக்கும்னு நீயே ஊருக்குப் போட்டுக் காட்டப் போறே.”